கூறியது கூறல் குற்றமா?

ஒரு விதியை ஒரு முறை சொன்னால் போதுமா? அன்றி, அது வேண்டப்படும் இடந்தோறும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டுமா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் இச்சிறு கேள்விக்கு விடை காணாமல் நூல் எழுதப் புகுந்தோம்; அதனால் நம் மன்றத்தை நாடி வந்த தம்பி ஒருவரை இழந்து நிற்கிறோம். ஆதலால் இதைப் பற்றிச் சற்று உரக்கவே பேச விரும்புகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து எம்.எஸ்ஸி. தாவரவியல் பயில்பவள். வலியசாலையில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன். அவ்வீட்டு மாமி சனிக்கிழமை மாலைகளில் தம் திண்ணையை நமக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். நம் மன்றத்தின் கதையாட்டம் அங்கேதான் நடைபெறுகிறது.

கதையாட்டம் இன்னதென்று அறியாதவர்க்கு ஒரு சொல். ஐந்தாறு பேர் வட்டமாக அமர்வோம். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ஒருவர் வணிகர் கூட்டத்தின் காவலர், ஒருவர் மருத்துவர், மற்றொருவர் கடலோடி. "நான் கதவை உடைக்கிறேன்" என்பார் ஒருவர். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பகடையின் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை விதிநூல் சொல்லும். ஆங்கிலத்தில் இத்தகைய விதிநூல்கள் மலிந்து கிடக்கின்றன. தமிழில் நமக்கென ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டோம். ஆய் மன்னர் காலத்து விழிஞக் கடற்கரையைக் களமாகக் கொண்டு, நால்வர் கூடி, ஆளுக்குச் சில இயல்களாகப் பகிர்ந்துகொண்டு எழுதினோம். அறுபது பக்கம் வந்தது. பெருமிதம் கொண்டோம்.

அப்போதுதான் அந்தத் தம்பி வந்தார். தலைமுறைகளாக இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பேச்சில் குறையில்லை, எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார். நம் ஆட்டத்தைக் கேள்வியுற்று, நூலின் படியை வாங்கிச் சென்று, ஒரு வாரம் விரல் வைத்துப் படித்துவிட்டு வந்தார்.

அன்று கதை ஒரு பாறை விளிம்பில் நடந்தது. அவருடைய பாத்திரம் கயிற்றைப் பற்றியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் தோழன் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தான். மேலிருந்து விழுந்த கல் தம்பியின் பாத்திரத்தின் தலையில் பட்டது, மயக்கம். கதை நடத்திய நான், "கையிலிருப்பது நழுவும், கயிறு போயிற்று" என்றேன். சண்டை இயலில், 18ஆம் பக்கத்தில், அப்படித்தான் எழுதியிருந்தது. தம்பி தம் படியைப் பிரித்தார். நஞ்சு இயல், 41ஆம் பக்கம். எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். மயங்கியவர் ஒரு சுற்று ஆட்டத்தை இழப்பார், அவ்வளவே. கை நழுவும் என்ற பேச்சே அங்கில்லை.

"அக்கா, இதும் நீங்க எழுதினதுதானே? நான் எந்தப் பக்கத்தை நம்பணும்?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. யாரோ ஒருவர் சிரித்து, "முதல்ல தமிழ் ஒழுங்கா வாசிச்சுப் பழகட்டும்" என்றார். தொங்கிய தோழன் விழுந்தான், ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த சனிக்கிழமை தம்பி வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

நண்பர்களே, அவர் சரியாகத்தான் படித்தார். தவறு அவர் வாசிப்பில் இல்லை. நம் நூலில் இருந்தது.

அன்றிரவே நூலை எடுத்து வைத்துக்கொண்டு மயக்கத்தைப் பற்றி வரும் இடமெல்லாம் கோடிட்டேன். ஏழு இடங்கள். சில இடங்களில் மயக்கம், சில இடங்களில் நினைவு தப்புதல், ஓரிடத்தில் உணர்விழத்தல். இரண்டு இடங்களில் கை நழுவும். ஐந்து இடங்களில் நழுவாது. இஃது எப்படி நேர்ந்தது? முதலில் ஏழும் ஒன்றாகவே இருந்தன. ஆடிப் பார்த்தபோது மயக்கத்திற்குத் தண்டனை போதாது என்று தோன்றவே, கை நழுவும் என்று சேர்த்தோம். நினைவுக்கு வந்த இரண்டிடத்தில் சேர்த்தோம். நினைவுக்கு வராத ஐந்திடமும் பழையபடியே நின்றன. நால்வரில் ஒருவரும் பொய் எழுதவில்லை, சோம்பியும் இருக்கவில்லை. ஆயினும் நூல் இரண்டு நாக்கால் பேசிற்று.

பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று எண்ணுகிறார். அவற்றுள் ஒன்று கூறியது கூறல். அதற்கு அடுத்து நிற்பது மாறுகொளக் கூறல். தொல்காப்பிய மரபியலிலும் இவ்விரண்டும் அடுத்தடுத்தே நிற்கின்றன. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக இவற்றை ஒப்பித்தபோது இந்த அண்டைவீட்டு உறவு எனக்குப் புலப்படவில்லை. இன்று புலப்படுகிறது. கூறியதைக் கூறுபவர் இன்று இல்லாவிடினும் நாளை மாறுகொளக் கூறுவார். ஏழிடத்தில் எழுதியதை ஏழிடத்திலும் திருத்த வேண்டும். மனிதர் நினைவு ஆறாவது இடத்திற்குள் அயர்ந்துவிடும்.

குற்றத்தைச் சொன்ன பாயிரம் மருந்தையும் சொல்லியிருக்கிறது. உத்திகள் 32 என்று அடுக்குகிறதே, அவற்றுள் சிலவற்றைப் பாருங்கள். உரைத்தாம் என்றல்: இதை முன்பே சொன்னோம் என்று சுட்டிவிட்டுப் போதல். உரைத்தும் என்றல்: இதைப் பின்னர்ச் சொல்வோம் என்று சுட்டுதல். மாட்டெறிந்து ஒழுகல்: வேறிடத்தில் சொன்ன விதியோடு இதனையும் மாட்டிவிட்டு நடத்தல். தன்குறி வழக்கம் மிக எடுத்துரைத்தல்: தான் இட்டுக்கொண்ட பெயரையே எங்கும் ஆளுதல். இக்காலத்து ஆட்டநூல் எழுதுவோர் பல பதிப்புகள் கண்டு, பல பிழைகள் செய்து கற்றுக்கொண்ட பாடம் இவை. நம் வீட்டுப் பரணில் இருந்ததை நாம் எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தக் கடைசி உத்தியில் சற்று நிற்க வேண்டும். கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஆளாதே, வேறு சொல் போடு என்று பள்ளியில் கற்றோம். கட்டுரைக்கு அஃது அழகாய் இருக்கலாம். விதிநூலுக்கு அது நஞ்சு. மயக்கம் என்ற சொல் உணர்விழத்தல் என்று மாறினால், பொருளும் மாறிற்றோ என்று வாசகர் ஐயுறுவார். தமிழைக் கூட்டிப் படிப்பவர் என்றால் இரு மடங்கு ஐயுறுவார். அழகுக்காக நாம் போட்ட சொல் அவருக்கு இன்னொரு பூட்டு.

இனி, மறுபக்கத்தையும் சொல்வது நேர்மை. நான் கோடிட்ட நூலைக் கண்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் விதியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, ஆறிடத்திலும் 18ஆம் பக்கம் காண்க என்று போட்டுவிடுவோம்" என்றார். போட்டுப் பார்த்தோம். ஆட்டம் படுத்துவிட்டது. நஞ்சு இயலைப் படிப்பவர் சண்டை இயலுக்கு ஓடினார். அங்கிருந்து வேறோர் இயலுக்கு ஓடினார். திரும்பி வருவதற்குள் கதை ஆறிப்போயிற்று. கூறியது கூறல் ஒழிந்தது. குன்றக் கூறல் வந்து குடியேறியது. அதுவும் அந்தப் பத்தில் ஒன்றுதானே?

இது ஏன் என்று எண்ணிப் பார்த்தேன். இலக்கணம் கற்றவர் நூல் முழுவதையும் நெஞ்சில் வைத்திருந்தனர். பாணினியின் வடமொழி இலக்கணத்தில் ஏறத்தாழ 4000 நூற்பாக்கள். முன் நூற்பாவில் வந்த சொல் பின் நூற்பாக்களுக்கும் தொடர்ந்து செல்லும், மீண்டும் எழுதப்படுவதில்லை. முழுவதையும் வரிசையாய் ஓதி மனத்தில் கொண்டவனுக்கு அச்சுருக்கம் வரம். ஆனால் ஆட்டத்தில் இருப்பவர் நூலை நடுவில் திறக்கிறார். ஒரு கையில் பகடை. எதிரே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். அவருக்கு அச்சுருக்கம் சாபம்.

எங்கள் துறையிலும் இவ்விரு நிலையையும் காண்கிறேன். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல், 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. குடும்பத்தின் பொது இயல்பு குடும்பத் தலைப்பின்கீழ். பேரினத்தின் இயல்பு பேரினத்தின்கீழ். சிற்றினத்தின்கீழ் அதற்கே உரிய வேறுபாடு மட்டும் என்பது இத்தகைய நூல்களின் முறை. தண்டு பெரும்பாலும் நாற்கோணமாய் இருத்தல் துளசிக் குடும்பத்திற்கே பொது. அதைத் துளசிக்கு ஒரு முறை, தும்பைக்கு ஒரு முறை என்று சொல்லிக்கொண்டிருந்தால் நூல் பத்து மடங்கு பெருத்துவிடும். அழகிய முறைதான். ஆனால் களப்பணியில், ஒரு கையில் வாடிக்கொண்டிருக்கும் கொம்பும், மறு கையில் மூன்று பக்கங்களுக்கிடையே செருகிய விரல்களுமாக நிற்பவருக்கு அதன் அருமை அப்போது தெரியாது. பெட்டகத்தில் வைக்கும் நூலுக்கும் களத்தில் பிரிக்கும் நூலுக்கும் ஒரே சட்டை பொருந்தாது.

சுட்டிவிட்டுப் போவதில் இதைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. சுட்டப்பட்ட இடம் வாசகர் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் வலியசாலையே சான்று.

இங்குள்ள மகாதேவர் கோயிலுக்குக் காந்தளூர் என்றே பெயர். பழைய காந்தளூர்ச் சாலை இவ்விடந்தான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. விழிஞத்தோடு சேர்த்துச் சொல்வாரும் உளர். சாலை என்றால் இங்கே நடக்கும் தெரு அன்று. மாணவர்க்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளித்த நிலையம். இதன் புகழ் எத்தகையது என்பதற்கு ஒரு செப்பேடு உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் வேறு நிலம் கொடுத்து மாற்றாக நிலம் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் திருமாலுக்குக் கோயிலும் 95 மாணவர்க்கு ஒரு சாலையும் அமைத்தான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரம் அது. செப்பேட்டின் காலம் கி.பி. 866 எனக் கணிக்கப்படுகிறது. திருவாங்கூர்த் தொல்லியல் வரிசையில் து. அ. கோபிநாத ராவ் இதனைப் பதிப்பித்தார். மூன்று வேதப் பிரிவினர்க்கு முறையே 45, 36, 14 என இடங்கள் ஒதுக்கப்பட்டன. சேர வருபவர் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும் என்ற தகுதியும், ஒழுக்கம் தவறினால் தண்டம் என்ற விதியும் அதில் உள்ளன. எனினும் எல்லா விதியையும் அரசன் புதிதாக எழுதிவிடவில்லை. இச்சாலை காந்தளூர் மரியாதைப்படி நடக்கும் என்று சுட்டினான்.

பார்த்தீர்களா? அதுதான் மாட்டெறிந்து ஒழுகல். அந்நாளில் அதில் ஒரு குறையும் இல்லை. காந்தளூர் மரியாதை என்னவென்று அன்று அறிந்தவர் இருந்தனர். ஐயம் வந்தால் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம். இன்று? சுட்டிய ஏடு நம்மிடம் இருக்கிறது. சுட்டப்பட்ட காந்தளூர் விதிநூல் என்று ஒன்று நமக்குக் கிடைக்கவில்லை. சாலை நின்றதாகப் பலரும் கருதும் இடத்திலேயே நான் நாளும் நடக்கிறேன். அதன் விதிகளில் முழுமையான ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. பார்த்திவபுரத்து ஏடு பேசுகிறது. வலியசாலை மௌனம் காக்கிறது.

ஒரு சொல்லின் பொருள் எழுதப்படாமல் போனாலும் இதே கதிதான். இராசராசனின் மெய்க்கீர்த்தி, காந்தளூர்ச் சாலையில் அவன் கலம் அறுத்ததாகச் சொல்கிறது. கலம் என்பது கப்பலா, உண்கலமா, வேறொன்றா என்று அறிஞர்கள் நூறாண்டாக வழக்காடுகின்றனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். செதுக்கியவனுக்கு அச்சொல்லின் பொருள் பகல்போல் வெளிச்சமாய் இருந்திருக்கும். அதனால்தான் அவன் விளக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சாலை எல்லார்க்கும் திறந்த கதவு அன்று. வேதப் பிரிவினர் மூவர்க்கே இடம். மரியாதை அறிந்தவர் உள்ளே, அறியாதவர் வெளியே. இன்று பிறப்பைக் காட்டி யாரையும் நம் மன்றம் தடுப்பதில்லை. ஆனால் உள்ளிருப்பவர்க்கு மட்டும் விளங்கும் நூலை எழுதி வைத்தால், அதுவும் ஒரு கதவடைப்பே. "எந்தப் பக்கத்தை நம்பணும்?" என்று கேட்ட தம்பிக்கு, "அது எங்களுக்குத் தெரியும்" என்பதுதானே நம் சிரிப்பின் பொருள்? அதுவே நம்முடைய காந்தளூர் மரியாதை.

மேலைநாட்டாரும் இக்குழியில் விழுந்தவர்களே. கதையாட்டங்களுக்கு வழிகாட்டியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் ஆசிரியர்கள். அப்பெட்டியை வாங்கியவர் சண்டை விதிகளைத் தேடினால், 1971இல் வந்த செயின்மெயில் என்னும் வேறொரு நூலைப் பார்க்கும்படி அது அனுப்பிற்று. மாற்று முறை ஒன்றைச் சுருக்கமாகத் தந்தது. செயின்மெயில் இல்லாதவர் தாமே ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டியதாயிற்று. நன்னூல் இதற்கும் பெயர் வைத்திருக்கிறது: பிறநூல் முடிந்தது தானுடன்படுதல். உத்திதான், ஆனால் பிறநூல் வாசகர் கையிலும் இருந்தால்தான்.

அவர்கள் திருந்திய வழியும் நமக்குப் பாடமாகும். அதே ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, மயக்கம் போன்ற நிலைகளை எல்லாம் நூலின் இறுதியில் ஓர் இணைப்பாகத் தொகுத்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு படி மேலே சென்று, விதிச்சொற்களுக்கென்றே அகரவரிசையில் ஓர் அகராதியை இறுதியில் வைத்தது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1993இல் உருவாக்கிய மேஜிக் என்னும் சீட்டாட்டம் இன்னும் நுட்பமான வழி கண்டது. சீட்டில் பறத்தல் என்று ஒரு சொல் இருக்கும். அருகே அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் அதன் பொருள் ஒரு வரியில் இருக்கும். அவ்வரி விதி அன்று, நினைவூட்டு. விதி வேறிடத்தில், ஒரே இடத்தில் இருக்கிறது. இரண்டும் முரண்பட்டதாகத் தோன்றினால் விதியே வெல்லும். புதியவர் நினைவூட்டைப் படிப்பார். பழகியவர் கண் அதைத் தாண்டிச் செல்லும். ஒருவருக்கும் இழப்பில்லை.

ஆகவே, தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் விடை இது: கூறியதைக் கூறுவது குற்றமன்று, கூறியதை விதியாகவே மீண்டும் கூறுவதுதான் குற்றம். விதிக்கு வீடு ஒன்றே இருக்க வேண்டும். நினைவூட்டு எத்தனை வாசலுக்கும் போகலாம்.

மன்றச் செயற்குழு நம் ஆட்டநூலை அச்சிட முடிவு செய்திருப்பதாக அறிகிறேன். அதற்குமுன் ஐந்து திருத்தங்களை வேண்டுகிறேன்.

ஒன்று: ஒவ்வொரு விதியும் முழுமையாக ஓரிடத்தில் மட்டும் நிற்கட்டும். திருத்தினால் அங்கே மட்டும் திருத்துவோம்.

இரண்டு: ஒரு பொருளுக்கு ஒரே பெயர். அப்பெயர் நூல் எங்கும் தடித்த எழுத்தில் வரட்டும். இறுதியில் அகரவரிசைப் பட்டியல் ஒன்று, பக்க எண்ணோடு இருக்கட்டும்.

மூன்று: வாசகர் கை நிற்கும் இடத்தில், விதியின் சாரம் சிற்றெழுத்தில் ஒரு வரியாக வரட்டும். அது நினைவூட்டு மட்டுமே என்று முதற் பக்கத்திலேயே அறிவித்துவிடுவோம்.

நான்கு: ஓரிடத்தில் விதி மாறுபட வேண்டுமாயின், முழுவதையும் திரும்ப எழுதாமல் வேறுபாட்டை மட்டும் எழுதுவோம். நஞ்சால் வரும் மயக்கத்தில் கை நழுவாது என்று நாம் விரும்பினால், அதை வெளிப்படையாகச் சொல்லலாம். அப்போது அது பிழையாகாது, சிறப்பு விதியாகும்.

ஐந்து: நூலில் இல்லாத எதையும் சுட்ட வேண்டாம். வழக்கம்போல என்றோ, எல்லாரும் அறிந்தவாறு என்றோ ஒரு வரியும் வேண்டாம். வழக்கம் அறியாதவருக்காகத்தானே விதிநூல் எழுதுகிறோம்?

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும்; விழாவுக்குள் நூல் வராது என்று சிலர் வருந்தலாம். வராவிட்டால் போகட்டும். காந்தளூர் விதிகளுக்காக இத்தனை நூற்றாண்டு காத்திருக்கிறோம். நம் நூலுக்காக மூன்று திங்கள் காத்திருக்க முடியாதா? அச்சேறிய பிழையைவிடக் காலந்தாழ்ந்த நூல் மேல்.

அச்சுக்கு அனுப்புமுன், நூலை நம்மில் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டாம். நமக்கு எல்லாம் தெரியும். ஆதலால் எதுவும் கண்ணில் படாது. கூட்டிப் படிப்பவர் ஒருவரிடம் கொடுப்போம். அவர் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே நம் குறை இருக்கிறது.

அதற்கு நான் யாரை நினைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று சிரித்தவர் யாராயினும், அவரைத் தடுக்காமல் இருந்தவள் நான். தம்பி, இவ்விதழ் உங்கள் கைக்கு வந்தால், 41ஆம் பக்கத்தை நீங்கள் பிழையின்றிப் படித்தீர்கள் என்பதை உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கயிறு உங்கள் கையிலிருந்து நழுவவில்லை. எங்கள் கையிலிருந்துதான் நழுவிற்று. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் பாய் விரித்திருக்கும். வாருங்கள்.